பள்ளத்தாக்கு தெரியாத வீடு

ஏலகிரியில் வீடு வாங்கியிருக்கிறேன் என்றால் எல்லோரும் முதலில் கேட்பது, "வியூ எப்படி?" வியூ கிடையாது. ஜன்னலைத் திறந்தால் எதிரே ஒரு மண்மேடு, அதன் மேல் ஒரு பலாமரம். தெரிந்தேதான் வாங்கினேன்.

ஆரணியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் விசைத்தறி. ஓட ஆரம்பித்தால் சுவர் அதிரும். தறிக்காரர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது. அவர்கள் நெய்வதை விற்றுத்தான் நானும் சாப்பிடுகிறேன். ஆனால் என் காது போய்க்கொண்டிருந்தது. இடது காதில் எந்நேரமும் ஒரு இரைச்சல். வேலூர் டாக்டர், "போனது வராதும்மா. இருக்கறதயாவது காப்பாத்திக்கோங்க" என்றார். ஆரணியிலேயே வேறு தெரு பார்க்கலாம்தான். இன்று அமைதியாக இருக்கும் தெருவில் நாளைக்கு எவன் மெஷினை இறக்குவான் என்று யாருக்குத் தெரியும்?

புரோக்கர் முதலில் காட்டிய வீடு மலை விளிம்பில் இருந்தது. சுவர் அகலத்துக்குக் கண்ணாடி, கீழே பள்ளத்தாக்கு. படம் பிடிக்கச் செல்போனை எடுத்த என் வீட்டுக்காரர் அதைக் கீழே வைக்கவே இல்லை. புரோக்கரும் அவரைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தான்.

"சார், காலைல காபி குடிச்சிகினே மேகத்தைப் பாக்கலாம் சார்."

"வாங்கப்போறது நான். என்கிட்ட பேசுப்பா" என்றேன். "சனிக்கிழமை சாயந்திரம் திரும்ப வந்து பாக்கறேன்."

அவன் முகம் மாறியது. "சனிக்கிழமை டிராஃபிக் பேஜாரு மேடம். பெங்களூர் பார்ட்டி ஒண்ணு வேற கேட்டுகினு இருக்காங்க. ஜல்தியா அட்வான்ஸ் போட்டுடுங்க."

"அப்ப அவங்களுக்கே குடு."

பட்டு வியாபாரம் செய்கிறவளிடம் இந்த வேலை நடக்காது. டியூப் லைட் வெளிச்சத்தில் நிறம் பார்த்துப் புடவை எடுக்கும் ஆரணிக்காரி உண்டா? வாசலுக்குத் தூக்கிப் போய் வெயிலில் விரித்துப் பார்ப்போம். இவன் செவ்வாய்க்கிழமையில் வீட்டைக் காட்டுகிறான். மலை ஊருக்கு வெயில் என்பது சனிக்கிழமை.

அந்தச் சனிக்கிழமை சாயந்திரம் அவனிடம் சொல்லாமலே போனோம். பக்கத்து ரிசார்ட்டில் பீரோ உயரத்துக்கு ஸ்பீக்கர். கார்கள் பாதையை அடைத்து நின்றன. ஒருத்தன் நாங்கள் வாங்க இருந்த வீட்டின் காம்பவுண்டு சுவரில் ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தான். அந்த வீட்டுக் கண்ணாடியில் வெளியிலிருந்தே கையை வைத்தேன். அதிர்ந்தது. அந்த அதிர்வு எனக்கு நன்றாகத் தெரிந்ததுதான்.

போனில் புரோக்கரைப் பிடித்தேன். "வாரத்துல ரெண்டு நாளுதான மேடம்" என்றான்.

"வாரம் பூரா ஓசியில கேக்கறதை வுட்டுட்டு, ரெண்டு நாளுக்குக் காசு குடுத்துக் கேக்கணுமா? வைடா போனை."

வீட்டுக்காரர் சோர்ந்துபோய் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். "வா, ஊருக்கே போயிடலாம். நமக்கு மலை சரிப்படாது."

நான் கோபக்காரிதான், முட்டாள் இல்லை. ரிசார்ட் கட்டுகிறவன் பள்ளத்தாக்கு தெரியும் இடமாகப் பார்த்துத்தான் கட்டுவான். அப்படியென்றால் ஒன்றும் தெரியாத இடத்தில் எவனும் கட்டியிருக்க மாட்டான். அவரை எழுப்பிக்கொண்டு மலையின் உள்பக்கம் நடந்தேன். ஒரு மண்மேட்டுக்குப் பின்னால் நாலைந்து வீடுகள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம், "சனி ஞாயிறு இங்க சத்தம் உண்டா?" என்று கேட்டேன்.

"இங்க எவன்மா வருவான்? பாக்கறதுக்கு இன்னா இருக்குது?"

அங்கேயே முடிவு செய்துவிட்டேன். அந்த அம்மாவின் பக்கத்து வீடே விற்பனைக்கு இருந்தது. மேடு மறைக்கிறது என்று எல்லோரும் வேண்டாமென்று போன வீடு. மழை நாளில் ஒருமுறை வந்து பார்த்தேன். சமையலறை ஒழுகியது. அதைச் சரிசெய்யவைத்து வாங்கினேன்.

வியாபாரம் நிற்கவில்லை. வீடியோ காலில் புடவையை விரித்துக் காட்டுகிறேன். வாரம் ஒருமுறை வீட்டுக்காரர் ஆரணிக்குப் போய்ச் சரக்கு எடுத்து வருகிறார். குரங்கு வருகிறது, துணி காய மாட்டேன் என்கிறது. போகட்டும்.

கிரகப்பிரவேசத்துக்கு வந்த நாத்தனார் ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு, "இந்த மண்ணைப் பாக்கவா வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துகினு வந்தேன்?" என்றார்.

"பஸ்ல கண்ணைத் தொறந்துகினு வந்திருந்தா மலையையே பாத்திருக்கலாம் அண்ணி" என்றேன். அவர் ஜன்னலைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போனார்.

எல்லோரும் கிளம்பிய பிறகு கூடத்தில் புடவை மடித்துக்கொண்டிருந்தேன். சமையலறையில் வீட்டுக்காரர் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். "எங்க அக்காகிட்ட பேசறதைப் பாரு. வாயா அது?" என்று தனக்குத்தானே முணுமுணுத்தார்.

ஒவ்வொரு எழுத்தும் என் காதில் விழுந்தது.

"வாய்தான்! அதுக்கு இன்னா இப்ப?" என்றேன்.

உள்ளே ஒரு தட்டு கீழே விழுந்தது. இத்தனை வருஷம் தறிச் சத்தத்தை நம்பி இந்த மனுஷன் என்னவெல்லாம் சொல்லியிருக்கிறாரோ, தெரியவில்லை. இனிமேல் பார்த்துப் பேசட்டும்.