மலையுச்சியில் ஒரு நாவல் கொப்பு

“ஒன்பது பேர் ஓடினர். ஒருவர் ஓட்டத்தைப் பூர்த்தி செய்யாமையால் நீக்கப்பட்டார்.” 1997 மார்கழியில் எங்கள் விளையாட்டுக் கழகத்தின் அறிவித்தல் பலகையில் ஒட்டியிருந்த முடிவு இது. அன்றே பார்த்து எழுதிக்கொண்டேன். பூர்த்தி செய்யாதவர் என்று சொல்லப்பட்ட அந்த ஒருவன்தான் முதலாவதாக வந்தவன். இத்தனை வருடங்களுக்குப் பிறகும் அந்த வசனத்தை வாசித்தால் எனக்குக் காது சுடுகிறது.

வட்டக்கச்சியிலிருந்து முந்திய வருடம் இடம்பெயர்ந்து, நாயாற்றுக்கு மேற்கே காட்டோரக் கிராமம் ஒன்றில் கொட்டில் போட்டிருந்தோம். பக்கத்துக் கொட்டிலில் அவன் இருந்தான். எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்த குடும்பம். காட்டில் விறகு வெட்டிச் சைக்கிளில் கட்டி முள்ளியவளைக்குக் கொண்டுபோய் விற்பான். பொருளாதாரத் தடையால் டயர் கிடைக்காத காலம். தேய்ந்துபோன இரண்டு டயருக்குள்ளும் காற்றுக்குப் பதிலாக வைக்கோல் திணித்திருந்தான். பாரம் ஏற ஏற றிம் நெளிந்துகொண்டே வந்தது. அது உடைந்தால் அவன் வீட்டில் உலை இல்லை. மலையோட்டத்துக்கு முதற்பரிசாகக் கழகம் இரண்டு புதுச் சைக்கிள் டயர்களை அறிவித்தபோது அவன் பெயர் கொடுத்தது அதற்காகத்தான்.

மலை என்றால் காட்டுக்குள் நிற்கும் ஒரு பெரிய கற்பாறை. வெயில் நாளில் உச்சியில் நின்றால் கடல் தெரியும். பள்ளிக்கூட மைதானத்தில் தொடங்கி, உச்சி வரை ஏறி, திரும்பி வரவேண்டும். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பச்சைக் கொப்பு, நுனியில் சிவப்புத் துணி. எனக்கு வீரை, அவனுக்கு நாவல், மற்றவர்களுக்கு வேறு வேறு மரம். உச்சியில் மத்தியஸ்தர் இருந்து கொப்பைக் கையில் வாங்குவார். அதுதான் ஏறியதற்குச் சாட்சி.

அன்று விடியவே மாரி மழை. எல்லோரும் வெறுங்கால். பாறையில் பாசி சவர்க்காரம் போல வழுக்கியது. பாலை மரத்து வேர்களைப் பிடித்து நான் பாதி மலை ஏறியபோது அவன் மேலேயிருந்து இறங்கி வந்தான். கையில் கொப்பு இல்லை.

“மேல யாருமே இல்லண்ணே” என்று சொல்லிக்கொண்டே போனான்.

உண்மைதான். மத்தியஸ்தர் உட்கார்ந்திருக்க வேண்டிய தட்டைப் பாறையில் மழை மட்டுமே இருந்தது. எனக்கு முன்னால் ஏறிய இன்னொருவர் தன் கொப்பை அங்கே போட்டிருந்தார். நானும் போட்டுவிட்டு இறங்கினேன்.

எல்லோரும் மைதானத்துக்கு வந்து சேர்ந்து வெகுநேரம் கழித்துத்தான் மத்தியஸ்தர் குடையோடு வந்தார். கையில் எட்டுக் கொப்புகள். நாவல் இல்லை.

“இவர் பாதியிலை திரும்பியிட்டார்” என்றார்.

“நான் கண்டனான். மேலையிருந்துதான் வந்தவன்” என்றேன்.

“நீர் உச்சியிலையே கண்டனீர்?”

“உச்சியிலை நிக்கவேண்டிய ஆள் நீங்கள். எங்கை நிண்டனீங்கள்?”

“மழைக்கு மற்றப் பக்கம் கல்லுக்குக் கீழை ஒதுங்கி நிண்டனான். பிறகு ஏறிப் பொறுக்கினனான்.” பிறகு சுற்றியிருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். “கொழுந்து கிள்ளின ஆக்களுக்கு மலை ஏறத் தெரியும். விளையாட்டு விதி தெரியாது.”

சிலர் சிரித்தார்கள். எங்களோடு அகதியாக வந்து, எங்களோடு வரிசையில் நின்று நிவாரண மா வாங்கியவர்கள் சிரித்தார்கள். மத்தியஸ்தரின் வெள்ளைக் காற்சட்டையில் ஒரு சேற்றுப் பொட்டுக்கூட இல்லை என்பதை நான் சத்தமாகச் சொன்னேன். ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. டயர்களை இரண்டாவதாக வந்தவர் தோளில் மாட்டிக்கொண்டு போனார்.

“கொப்பை எங்கையடா வைச்சனி?” என்று வீட்டுக்குப் போகும் வழியில் அவனைக் கேட்டேன்.

“புள்ளையார்கிட்ட.”

வன்னிக் காட்டுக்குள் போகிறவர்கள் ஒரு கொப்பை முறித்துப் பிள்ளையாருக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். உச்சியிலும், தட்டைப் பாறைக்குச் சற்றுத் தள்ளி, ஒரு பிள்ளையார் கல் இருந்தது. கொப்பை வாங்க ஆளில்லை. கையில் பச்சைக் கொப்பு. முன்னால் பிள்ளையார். விறகுக்காக நித்தம் காட்டுக்குள் போகிறவன் வேறு எங்கே வைப்பான்?

மறுநாளும் மழை விடவில்லை. அவனை இழுத்துக்கொண்டு திரும்ப ஏறினேன். தேன் எடுப்பவர்கள் வைத்த காய்ந்த கொப்புகளுக்கு மேலே, சிவப்புத் துணியோடு நாவல் கொப்பு அப்படியே கிடந்தது. நான் கையை நீட்டினேன். அவன் என் மணிக்கட்டைப் பிடித்தான்.

“வச்சத எடுக்கக் கூடாதுண்ணே.”

“விசரா, டயர் வேண்டாமோ உனக்கு?”

“வேணும். ஆனா எடுக்காதீங்க. நாளைக்கும் நான் இந்தக் காட்டுக்குள்ளதான் வரணும்.”

“அப்ப மத்தியஸ்தரைக் கூட்டிக்கொண்டு வாறன்.”

“வரமாட்டாருண்ணே.”

அவன் சொன்னதே நடந்தது. மத்தியஸ்தர் தன் வீட்டு வாசல் படலையடியில் நின்றபடியே, “முடிவு ஒட்டியாச்சு தம்பி, இந்த மழைக்கை ஒரு கொப்பைப் பாக்க நான் மலையேறுறதோ?” என்றார். அந்த ஒரு கேள்வியில் எல்லாம் இருந்தது. முதல்நாள் ஓட்டத்தின்போதும் அவர் இதையேதான் தன்னிடமே கேட்டிருப்பார்.

எனக்கு அவர்மேல் கோபம், சிரித்தவர்கள்மேல் கோபம், என் கையைப் பிடித்தவன்மேலும் கோபம். பிள்ளையாரையும் நான் விட்டுவைக்கவில்லை. மாசி பிறக்குமுன் பின் றிம் உடைந்தது. அதன் பிறகு அவன் விறகைத் தலையில் சுமந்து போனான். டயரைப் பற்றி அவனுக்கும் சேர்த்து நான்தான் பேசிக்கொண்டு திரிந்தேன்.

ஒன்று மட்டும் இன்னும் தெளிவாகவில்லை. கடைசியாக ஓடி வந்தவர், அந்த எட்டுக் கொப்புகளையும் தானே அள்ளிக்கொண்டு வந்து மலையடியில் மத்தியஸ்தரிடம் கொடுத்ததாக யாரிடமோ சொன்னாராம். 2001இல் இதை எனக்குச் சொன்னவரும் நேரில் கேட்டவர் அல்ல. ஓடியவர் எங்கே இருக்கிறார் என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. எனவே மத்தியஸ்தர் அன்று மலை ஏறவேயில்லை என்பது என் நம்பிக்கை மட்டுமே, உறுதிப்படுத்தப்பட்டது அல்ல.