ஹல்வோர் வாங்கிய மலிவுச் சக்கரங்கள்

ஹல்வோர் தன் நிழலையே இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் நடப்பார் என்று ஃபொல்டால் என்ற மலையூரில் சொல்வார்கள். அந்த ஊரில் பாதிப் பேர் காரிலேயே சாவியை விட்டுவிட்டுக் கடைக்குப் போவார்கள். சாலையோரம் உருளைக்கிழங்கு மூட்டைகளை அடுக்கி, பக்கத்தில் காசு போட ஒரு டப்பாவையும் வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்த் தூங்குவார்கள். அப்படிப்பட்ட ஊரில் விறகுக் கொட்டகைக்குப் பூட்டுப் போட்ட ஒரே ஆள் இவர்தான்.

அவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. மரம் அறுக்கும் ஆலையின் எடைமேடையில் உட்கார்ந்தே தலை நரைத்தவர். மரக்கட்டைக்கு அடியில் ஈரப் பனியை அடைத்துக்கொண்டு வந்தவன், கல்லை ஒளித்து வைத்தவன், கொழுத்த மச்சானை லாரிக்குள் படுக்கப்போட்டு எடை ஏற்றியவன் என்று எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டார். அத்தனை பேரும் சிரித்துக்கொண்டே வந்தவர்கள். அதனால் எவனாவது பல்லைக் காட்டினால் அவருக்குச் சந்தேகம் வந்துவிடும். அவருடைய சம்பந்தியம்மா போர்கில்ட் எப்போதும் சிரித்த முகம். கிறிஸ்துமஸ் சீட்டாட்டத்தில் அந்த அம்மா கம்பளிச் சட்டைக் கைக்குள் சீட்டை ஒளிக்கிறாள் என்று இவர் மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவருக்கு ஒரே மகள், சுன்னிவா. பக்கத்து வீட்டிலேயே இருந்தாள். அவளுக்கு நவம்பரில் பிரசவம். மாப்பிள்ளை கடலுக்கு நடுவே எண்ணெய்க் கிணற்றில் வேலை. வேண்டிய நேரத்தில் வந்துசேர முடியுமோ என்னவோ. மருத்துவமனையோ மலையைத் தாண்டி லில்லஹாமரில் இருக்கிறது. மகளை அந்த நாளில் தன் காரில் தானே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பதுதான் ஹல்வோருக்கு இருந்த ஒரே ஆசை. ஆனால் போன குளிர்காலத்தில் தேய்ந்த டயரோடு ஓட்டி, காரைப் பள்ளத்தில் இறக்கியவர் அவர்.

சுன்னிவா பட்டென்று சொல்லிவிட்டாள். "அப்பா, நல்ல பனி டயரா போடு, உன்கூட வரேன். இல்லன்னா என் மாமியார் வந்து தங்கிக்கட்டும். அவங்க வண்டியில டயர் புதுசு."

"அவளா? அவ சீட்டையே ஒழுங்கா போட மாட்டா, வண்டியை ஒழுங்கா ஓட்டுவாளாக்கும்!"

கடையில் விலை கேட்டபோது ஹல்வோருக்கு மூச்சே நின்றுவிட்டது. இவருடையது மின்சாரக் கார். பாட்டரி கனம் அதிகம் என்பதால் அந்தப் பாரத்தைத் தாங்குகிற டயர்தான் போட வேண்டுமாம். ரிம்மோடு சேர்த்து அவர்கள் சொன்ன பணத்துக்கு ஒரு காலத்தில் நல்ல பசுமாடுகள் வாங்கலாம். பிறகு சுன்னிவாதான் இணையத்தில் ஒரு விளம்பரத்தைக் கண்டுபிடித்தாள். நான்கு பனி டயர், ரிம்மோடு, ஒரே ஒரு குளிர்காலம் ஓடியது, விலை மூவாயிரம் குரோனர். ஆள் இருப்பது மலைக்கு அந்தப் பக்கம், ரிங்கெபுவில்.

"மூவாயிரமா? திருட்டு மால்," என்றார் ஹல்வோர்.

"தானமா குடுத்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கற ஆளு நீ. இது காசு குடுத்து வாங்கறது, நல்லாவே பாரு," என்றாள் மகள்.

அக்டோபரில் சுன்னிவாவின் பரிசோதனைக்கு மருத்துவமனை போய்விட்டு வரும் வழியில் இருவரும் அந்த வீட்டில் நின்றார்கள். எம்ப்ரிக் என்ற அந்த ஆள் முற்றத்திலேயே காத்திருந்தான். சிரித்தான். போச்சு, என்று நினைத்துக்கொண்டார் ஹல்வோர்.

"எதுக்கு இவ்ளோ மலிவா குடுக்கறே?"

"காரை மாத்திட்டேன் அண்ணே. இந்த ரிம்மோட ஓட்டை புதுக் காருக்குச் சேரல. சும்மா கிடந்து தூசி தின்னுது. ஓடற வண்டிக்காவது போகட்டுமே."

ஹல்வோர் முழங்கால் போட்டு உட்கார்ந்து டார்ச் அடித்தார். நாணயத்தைச் செருகி டயரின் பட்டன் ஆழத்தைப் பார்த்தார். பக்கவாட்டில் இருந்த தேதியைப் படித்தார், பார எண்ணைப் படித்தார், ரப்பரை மோந்தும் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. வாங்கிய ரசீது உண்டா என்று கேட்டார். எம்ப்ரிக் உடனே கொண்டுவந்து நீட்டினான். பழைய டயருக்கு எவனாவது ரசீதை இவ்வளவு பத்திரமாக வைத்திருப்பானா என்று அதிலும் ஒரு சந்தேகம் முளைத்தது. ரசீது இல்லையென்றால், ஏன் இல்லை என்று சந்தேகப்பட்டிருப்பார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

சுன்னிவா கைபேசியிலேயே பணத்தை அனுப்பினாள். அதற்குள் பனி விழத் தொடங்கியது. மலைமேல் இன்னும் அதிகமாக இருக்கும்; சக்கரங்களை அங்கேயே மாட்டிக்கொண்டு கிளம்புவதுதான் நல்லது.

"ரெண்டு பேருமா சேந்து மாட்டிருவோம் அண்ணே," என்று எம்ப்ரிக் ஜாக்கியை எடுத்தான்.

"என் வண்டி. நானே மாட்டிக்கறேன்."

"கடைசியா ஒரு தடவை நான் இறுக்கிப் பாக்கட்டுமா?"

"வேணாம்னா வேணாம்."

எம்ப்ரிக் கையை விரித்துவிட்டு, போல்ட்டுகளைப் போட்டு வைக்க ஒரு காப்பி டப்பா மூடியை மட்டும் கொடுத்தான். மூன்று சக்கரங்கள் நன்றாகவே ஏறின. நான்காவதில், முன்பக்கம் இடதுபுறம், ஐந்தில் மூன்று போல்ட்டைக் கையால் திருகி வைத்திருந்தார். அப்போது கடைக்கண்ணில் பட்டது: எம்ப்ரிக்கின் மனைவி கூரு ஒரு கறுப்புப் பையோடு வந்து, காரின் பின்கதவைத் திறந்து, கழற்றிப் போட்ட பழைய டயர்களுக்கு நடுவே அதைச் செருகிக்கொண்டிருந்தாள். ஹல்வோர் பாய்ந்து எழுந்தார்.

"என்னம்மா அது? என்னத்தைக் கொண்டுவந்து என் வண்டியில ஒளிக்கறே?"

"எல்க் மான் கறி," என்றாள் கூரு, திகைத்துப்போய். "இப்பத்தான வேட்டை முடிஞ்சுது. புள்ளத்தாச்சிப் பொண்ணு, ஆக்கித் தின்னட்டுமேன்னு..."

அவர் பையைப் பிரித்தே பார்த்தார். கறிதான். சுன்னிவாவின் முகம் சிவந்துவிட்டது. "மன்னிச்சுக்குங்க. எங்கப்பா பால்ல பனிக்கட்டி விழுந்தாலும் யார் போட்டாங்கன்னு விசாரிப்பாரு."

கூரு பெரிய மனசுக்காரி. வாஃபிள் அப்பம் சுட்டிருக்கிறேன், காப்பி குடித்துவிட்டுப் போங்கள் என்றாள். காப்பி என்றால் கொஞ்ச நேரம் வண்டியிலிருந்து கண்ணை எடுக்க வேண்டும் என்பதால் ஹல்வோர் மறுத்துவிட்டார். வெட்கமும் கோபமுமாக ஜாக்கியை இறக்கினார், ஸ்பேனரை உள்ளே எறிந்தார், காரை எடுத்தார்.

"கொஞ்ச தூரம் போனதும் எல்லா போல்ட்டையும் மறுபடி இறுக்கிருங்க அண்ணே!" என்று எம்ப்ரிக் பின்னாலிருந்து கத்தினான்.

"பாத்தியா?" என்றார் மகளிடம். "ஏதோ கோளாறு இருக்கு. அவன் வாயாலேயே வந்துருச்சு."

"அதை ஊரே சொல்லும்பா! சக்கரம் மாத்தினா எல்லாரும் சொல்ற பேச்சுதானே அது!"

மலை ஏறத் தொடங்கியதும் சுன்னிவாவின் கைபேசி அடித்தது. எம்ப்ரிக்.

"எடுக்காத."

"ஏன்?"

"வெலையைக் கொறைச்சுச் சொல்லிட்டேன், இன்னும் ரெண்டாயிரம் போடுங்கன்னு கேப்பான். பொண்டாட்டி திட்டியிருப்பா."

மறுபடியும் அடித்தது. அவள் எடுக்கப்போக, அவர் கைபேசியைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அங்கே கிடந்து அது அடித்துக்கொண்டே இருந்தது. மேலே போகப் போக சிக்னல் போய், அதுவும் ஓய்ந்தது. அப்புறம் முன்பக்கம் இடதுபுறம் ஒரு சத்தம். டக்... டக்...

"ரிம் கோணல்!" என்றார் ஹல்வோர், கிட்டத்தட்டச் சந்தோஷமாக. "அதான் மூவாயிரம். நான் சொன்னேனா இல்லையா?"

அந்த நேரத்தில் கண்ணாடியில் வெளிச்சம் தெரிந்தது. பின்னால் ஒரு கார், விளக்கை அடித்து அடித்து, வேகமாக வந்துகொண்டிருந்தது. ஹல்வோர் வேகத்தைக் கூட்டினார். சத்தமும் கூடியது. பாட்டரியில் மிச்சமிருக்கும் மின்சாரத்தைக் காட்டும் எண் மளமளவென்று இறங்கியது.

"அப்பா, நிறுத்து."

"அவன்தான் வரான்டி! ஆளில்லாத மலையில நம்மள நிறுத்தி..."

"நிறுத்தி? என்ன பண்ணுவான்? கறியைத் திரும்பப் புடுங்குவானா?" சிரிப்பில்லை அவள் குரலில். ஸ்டீயரிங் அவர் கையில் ஆடுவதை அவளும் பார்த்துவிட்டாள். இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "உன் சந்தேகத்துக்கு என் புள்ளையைக் காவு குடுக்காதப்பா. நிறுத்து!"

நிறுத்தினார். நிறுத்தியும் கதவைப் பூட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். எம்ப்ரிக் ஓடிவந்து ஜன்னலைத் தட்டினான். ஹல்வோர் கண்ணாடியை ஒரு விரல்கடை இறக்கினார். மூச்சு வாங்க அவன் உள்ளங்கையை விரித்துக் காட்டினான். அதில் இரண்டு போல்ட்டுகள் இருந்தன.

"மூடியிலேயே கெடந்துச்சு அண்ணே. பனி மூடிருச்சு. கூட்டும்போதுதான் பாத்தேன்."

ஹல்வோர் இறங்கி நான்காவது சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்தார். ஒரு போல்ட் கழன்று எங்கேயோ விழுந்திருந்தது. மிச்சம் இருந்த இரண்டும் விரலால் தொட்டதும் சுழன்றன. கறிப் பையைச் சோதிக்க எழுந்தவர் திரும்பி வந்து அவற்றை இறுக்கவே இல்லை. மரத்தில் கல்லை ஒளித்தவனைக் கண்டுபிடித்த மனிதருக்குத் தன் கையில் நடந்தது தெரியவில்லை. சுன்னிவா பனியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் ஸ்பேனரை எம்ப்ரிக்கிடம் நீட்டினார். "நீயே இறுக்குப்பா."

"இந்தச் சக்கரத்தையா?"

"நாலையும்."

வீடு வந்ததும் சுன்னிவா தன் கைபேசியைத் திரும்ப வாங்கி மாமியாரைக் கூப்பிட்டாள். மறுநாள் சாயங்காலம் போர்கில்டின் கார் அவள் வாசலில் வந்து நின்றது. பெட்டி இறங்கியது. ஹல்வோர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். அழ வேண்டும்போல இருந்தது. அழவும் செய்தார். நானே கூட்டிப்போகட்டுமா என்று கேட்கப் போகவில்லை, கேட்க என்ன முகம் இருக்கிறது? ஆனால் தொலைந்ததற்குப் பதிலாக ஒரு போல்ட் வாங்கிப் போட்டார்; தினமும் காலையில் ஸ்பேனரோடு வெளியே வந்து, இருபது போல்ட்டையும் ஒவ்வொன்றாகத் தொட்டு இறுக்கிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். விறகுக் கொட்டகையைப் பூட்ட மறந்துபோனார்.

நவம்பரில் ஒரு காலை, அவர் சக்கரத்தருகே குனிந்திருந்தபோது, பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. சுன்னிவா, கோட்டு மாட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி நின்றாள்.

"வலி வந்துருச்சுப்பா. கதவைத் திற."

"உன் மாமியார் வண்டி...?"

"அவங்க டயர் புதுசுதான். ஆனா இப்படித் தினம் தொட்டுப் பாக்க அவங்களுக்கு யாரு இருக்கா? கெளம்பு!"

எப்படிக் காரை எடுத்தார், எப்படி மலை ஏறினார் என்று அவருக்கே தெரியாது. பாதி மலையில் கண்ணாடியில் வெளிச்சம் விழுந்தது. பின்னால் ஒரு கார், விளக்கை அடித்து அடித்து வந்துகொண்டிருந்தது. ஹல்வோர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ஓரம் கட்டி நிறுத்திவிட்டு, கண்ணாடியை முழுசாக இறக்கினார்.

"எதுக்கு நிறுத்தறே? எனக்கு உயிர் போகுது!" என்று கத்தினாள் சுன்னிவா.

"யாரோ என்னமோ சொல்ல வராங்கம்மா. கேட்டுருவோம்."

போர்கில்ட் இளைக்க இளைக்க ஓடிவந்து ஜன்னல் வழியாக ஒரு பையைத் திணித்தாள். குழந்தைத் துணி, ஆஸ்பத்திரிக் காகிதம் எல்லாம் அதில்தான் இருந்தன. "வாசல்லயே விட்டுட்டுப் போறீங்களே, சம்பந்தி! நான் விளக்கு அடிச்சா நீங்க இன்னும் வேகமாத்தான் ஓடுவீங்கன்னு நெனச்சேன்."

ஹல்வோர் பையை வாங்கிக்கொண்டார். "மன்னிச்சுக்குங்க. மூணு வருசமா உங்களைத் தப்பாவே நெனச்சுட்டேன். அந்தச் சீட்டாட்டத்துல நீங்க..."

"அதுல ஏமாத்தினேன்தான்," என்றாள் போர்கில்ட். "இப்பப் போங்க, ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."