ரத்தத்தில் தங்காத மாத்திரை

என் அண்ணனுக்கு வெல்டிங் பட்டறையில் இரும்புக் கதவுக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலை. அவர் காதுக்குள் ஒரு குரல் எந்நேரமும் நொட்டை சொல்லிக்கொண்டே இருக்கும். டாக்டரம்மா அதை மனச்சிதைவு என்பார், அண்ணன் மேஸ்திரி என்பார். எந்த மருந்துக்கும் மசியாத அந்த மேஸ்திரி, கடைசியாகக் கொடுத்த மாத்திரைக்குத்தான் கொஞ்சம் அடங்கினான்.

அந்தக் கொஞ்சம் போதாது என்று, ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார்கள். இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை.

"மாத்திரையை ஒழுங்கா குடுக்கறீங்களாம்மா?" என்று டாக்டரம்மா என்னைக் கேட்டார்.

எனக்கு வந்ததே கோபம். தினமும் மாத்திரையைக் கொடுத்து, தண்ணீர் குடிக்கவைத்து, நாக்கைத் தூக்கச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்ப்பவள் நான். "அவருக்கு எந்தப் பல்லு சொத்தைன்னு கேளுங்க, சொல்றேன்" என்றேன்.

அவர் நம்பவில்லை. "அப்ப ஆஸ்பத்திரியில சேர்த்து, நாங்களே குடுத்துப் பார்க்கறோம்" என்றார். சேர்த்தால் பட்டறையில் வேறு ஆள் வந்துவிடுவான். காலையில் அண்ணனைப் படுக்கையிலிருந்து எழுப்புவது அந்த வேலை ஒன்றுதான்.

அதுவரை மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"அவ மேல தப்பில்ல. நான் சிகரெட் பிடிக்கறேன், அதனாலதான் இருக்கும்."

"ஒரு நாளைக்கு எத்தனை?" என்றார் டாக்டரம்மா.

"பெட்டிக்கடை மூடற வரைக்கும்."

அவர் சட்டையில் அடிக்கும் நாற்றம் பட்டறைப் புகை என்று நம்பி, துவைத்துத் துவைத்து என் கை தேய்ந்ததுதான் மிச்சம்!

சிகரெட் புகை இந்த மருந்தை உடம்பிலிருந்து சீக்கிரம் காலி செய்துவிடுமாம். ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டாம் என்றார் டாக்டரம்மா. நான் அண்ணன் பையிலிருந்து பாக்கெட்டை உருவினேன். "ஐயோ, அவரா திடீர்னு நிறுத்தவும் கூடாதும்மா. மருந்து ரத்தத்துல கண்டபடி ஏறிடும். ரத்தம் பார்த்துப் பார்த்து, நாங்க சொல்ற மாதிரிதான் குறைக்கணும்" என்று தடுத்தார். பாக்கெட்டை நானே திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அண்ணன் அதைப் பரிசு வாங்குகிற தோரணையில் வாங்கிக்கொண்டார்.

படி இறங்கும்போது பிடித்துக்கொண்டேன். "ஏண்ணா இத்தனை வருஷம் மறைச்சே?"

"நீ திட்டுவே."

"இப்ப மட்டும் திட்ட மாட்டேனா?"

"திட்டுவேதான். அந்தம்மா உன்னைப் பொய்க்காரின்னு நினைச்சாங்க. எனக்குத் தாங்கல."

வீடு வரைக்கும் திட்டிக்கொண்டேதான் வந்தேன். பாதி தூரத்துக்கு மேல் அழுதுகொண்டே திட்டினேன்.