மாமா சேலை வராமல் எழமாட்டேன்

என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே சத்தியாகிரகம் பதின்மூன்றாம் வயதில், மஞ்சள் தண்ணீர் சொட்டச் சொட்ட, ஒரு மரப்பலகையில் உட்கார்ந்து செய்ததுதான். ஜெயித்தது நான்தான். இன்றைக்கும் அதைச் சொல்லும்போது கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்கிறேன்.

அப்போது பீடோருக்கு உள்ளே தள்ளி ஒரு பழைய தோட்டத்தில் குடியிருந்தோம். ரப்பர் பால்மரமெல்லாம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. உள்ளே வரும் சடக்கு, அதாவது சாலை, மட்டும் பழைய செம்மண் சடக்காகவே இருந்தது. எங்கள் பக்கத்தில் எது எதில் சிக்கினாலும் அதற்குப் பெயர் 'சங்குட்'. மலாய்க்காரர்களிடம் வாங்கிய வார்த்தை; திருப்பிக் கொடுக்கும் எண்ணமே இல்லை. பட்டம் மரத்தில் சங்குட். அக்காவுக்குக் கணக்குப் பாடம் சங்குட். எதிர்வீட்டு அண்ணனுக்குத் தாப்பாவுக்குப் போகும் பேருந்தில் வரும் ஒரு பெண்ணிடம் மனசு சங்குட். ஈப்போவில் ஏர்கான் பழுது பார்த்துக்கொண்டிருந்த என் தாய்மாமா பங்குச் சந்தையில் சங்குட்.

காப்பிக் கடையில் யாரோ சொன்னதைக் கேட்டு, இருந்த சேமிப்பையெல்லாம் ஒரே கம்பெனிப் பங்கில் போட்டிருந்தார். போட்ட மறுவாரமே விலை இறங்க ஆரம்பித்தது. "வித்தாத்தானே நட்டம்? நான்தான் விக்கலையே" என்பார். வாங்கிய விலைக்கு வராமல் விற்பதில்லை என்று முருகன் படத்தின் முன்னால் சத்தியம் வேறு. இப்படியே நாலு வருஷம். வீட்டில் கிழிந்த சோபா மாறவில்லை, மாமிக்குச் சொத்தைப் பல் பிடுங்கவில்லை. கேட்டால், விலை ஏறட்டும் என்பார்.

இந்த நேரம் பார்த்து நான் வயசுக்கு வந்து தொலைத்தேன்.

எங்கள் குடும்பத்தில் ஒரு முறை உண்டு. சடங்கன்று தண்ணீர் ஊற்றியதும் பெண் கட்டுகிற முதல் சேலை தாய்மாமன் கையால் வந்ததாக இருக்க வேண்டும். வராவிட்டால் அம்மாவின் பிறந்த வீட்டுக்கு நாதியில்லை என்று அர்த்தம். அப்பாவின் தங்கையான என் அத்தைக்கு ஒரு வாரமாக இதே பேச்சுதான். "உங்க அண்ணன்கிட்ட காசு ஏது அண்ணி? அதான் எல்லாம் அங்க சங்குட் ஆயிருச்சே!" அம்மா ஒவ்வொரு தடவையும் "எங்கண்ணன் வருவாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு வெங்காயத்தை வேகமாக நறுக்குவார்.

சடங்கன்று காலையில் மாமா போன் செய்தார். "பீடோர் தாண்டிட்டோம், பத்தே நிமிஷம் லா!" நல்ல நேரம் பத்தரையோடு முடிந்துவிடும். அதனால் அந்தப் பத்து நிமிஷத்தை நம்பி, வீட்டுக்குப் பின்னால் போட்டிருந்த கூடாரத்தில் எனக்குத் தண்ணீரை ஊற்றிவிட்டார்கள். ஊற்றி முடிக்கவும் மறுபடி போன். "வேன் சேத்துல சங்குட்..." என்பதோடு தொடர்பு அறுந்தது. அப்பா மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு முன்வாசல் சடக்கில் பறந்தார். மாமாவோ சீக்கிரம் வரலாமே என்று செம்பனைக்குள் போகும் குறுக்குவழியில் வேனை விட்டிருந்தார். அது அப்பாவுக்குத் தெரியாது.

மணி பத்து பத்து ஆயிற்று. அத்தை தன் பையிலிருந்து ஒரு சேலையை எடுத்தார். வரும்போதே வாங்கி வந்திருக்கிறார்! "நேரம் போகுது. பிள்ளைக்கு இதைக் கட்டிவிடுவோம், அவுங்க வரப்ப வரட்டும்." சுற்றியிருந்த பெண்களும் சரிதானே என்றார்கள். அம்மா கையில் துண்டை வைத்துக்கொண்டு, கீழே பார்த்தபடி நின்றார். இன்னும் ஒரு நிமிஷம் போனால் இத்தனை பேர் முன்னால் அழுதுவிடுவார் என்று எனக்குத் தெரிந்தது.

"மாமா சேலை வராம நான் எழுந்திரிக்க மாட்டேன்" என்றேன்.

"அடியேய், காய்ச்சல் வரும்டி!"

"வரட்டும்."

இரண்டு பெரியம்மாக்கள் ஆளுக்கொரு அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள். நான் பலகையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பலகையும் என்னோடு சேர்ந்து எழும்பியது. கூடாரமே சிரித்தது, அத்தையைத் தவிர. பல் கிட்டித்தது, விரல் நுனியெல்லாம் சுருங்கிப்போயின. விட்டேனா?

பத்து இருபதுக்கு டிராக்டர் சத்தம் கேட்டது. செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டர். பின்னால் கோத்திருந்த வண்டியில், இடுப்பு வரைக்கும் சேறான வேட்டியோடு, சேலைத் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றபடியே வந்தார் என் மாமா! மற்றத் தட்டுகளை அணைத்துப் பிடித்தபடி மாமி. ஓட்டி வந்த வங்காளதேசத்துக்காரர் மாமாவை மாப்பிள்ளை என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. விடாமல் ஹாரன் அடித்தார். அதைக் கேட்டு உறுமி மேளக்காரர்களும் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அம்மா செருப்புக்கூடப் போடாமல் ஓடினார்.

கத்திரிப்பூ நிறப் பட்டு. உறையெல்லாம் சேறு, உள்ளே ஒரு பொட்டு அழுக்கில்லை. பத்தரைக்குள் அதை எனக்குக் கட்டிவிட்டவர் அத்தையேதான். கொசுவத்தை நீவிவிட்டு, "நல்ல பட்டுதான்" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததே பெரிய விருது. அம்மா கூட்டத்துக்கு நடுவே நிமிர்ந்து நடந்த நடையை நான் பார்த்தேன். அடடா!

தப்பான சடக்கில் தேடிக்கொண்டிருந்த அப்பா சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வந்து சேர்ந்தார். பந்தியில் மாமா பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார். "பணம் ஏது மச்சான்?"

"எல்லாத்தையும் வித்துட்டேன்."

"நட்டத்துக்கா?"

"பின்ன? பாதிக்குப் பாதிகூட வரல. போகட்டும் லா."

"முருகன்கிட்ட சத்தியம் பண்ணியிருந்தீங்களே?"

"அவருக்கும் ஒரு தாய்மாமன் இருக்காருல்ல, புரிஞ்சுக்குவாரு" என்று சொல்லிவிட்டு மாமா இன்னொரு கரண்டி பாயசம் கேட்டார்.

சாப்பாடு முடிந்து படம் எடுக்கும் நேரத்தில் மாமாவைக் காணவில்லை. தேடிப்போனால், கூடாரத்து மூலையில் மூன்று நாற்காலியை ஒட்டிப் போட்டு, அதன்மேல் வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறார். கைக்கெட்டும் தூரத்தில் உறுமி முழங்குகிறது, மனிதர் அசையவில்லை. எனக்குக் கோபமான கோபம். அவருக்காக ஈரத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்தவள் நான். என்னோடு ஒரு படத்துக்கு நிற்கக்கூடாதா? தோளைப் பிடித்து உலுக்கப் போனேன். மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எழுப்பாத கண்ணு. தூங்கட்டும்."

பலகாரப் பெட்டியின் மூடியால் அவருக்கு விசிறிக்கொண்டிருந்த மாமியின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. போன பணத்தை நினைத்து அழுகிறார் என்றுதான் எண்ணினேன். ஓடிப்போய், எனக்கு வந்த அன்பளிப்புக் கவர்களில் பாதியை மாமிக்குக் கொடுத்துவிடச் சொல்லி அம்மாவை நச்சரித்தேன். நாலு வருஷத்தில் அந்த மனிதர் கண்மூடித் தூங்குவதை மாமி அன்றைக்குத்தான் பார்க்கிறார் என்பது எனக்குத் தெரியவில்லை.