நீலச் சட்டைக்காரனும் சரோஜாவும்

இன்றைக்கு யட்டவத்த பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தது யார் தெரியுமா? சரோஜா.

தேயிலைத் தோட்டமே ஸ்ட்ரைக் செய்தபோது, தோட்டத்துத் துரைக்குப் பயந்து தனியாகக் கொழுந்தெடுக்கப் போனவள். அன்றிலிருந்து முப்பத்தொரு வருடமாக நான் அவளோடு பேசுவதில்லை.

உட்கார்ந்தவள் போனில் கார்ட்டூன் பார்க்க ஆரம்பித்தாள். என் பேத்தி தினமும் பார்க்கிற அதே ஆறு வீரர்கள். எதிரியோடு போய்ச் சேர்ந்த நீலச் சட்டைக்காரன் திரும்பி வந்து, செய்தது தப்பு என்கிறான். மற்ற ஐந்து பேரும் அவனைக் கட்டிப்பிடித்துச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை.

"அவன சேத்திருக்கக் கூடாது," என்றேன்.

"பாவம்க்கா அவன். பயந்துட்டான்."

"பயந்தான், சரி. அஞ்சு பேரு முன்னாடி வந்து தப்புன்னு சொன்னான்ல? நீ சொன்னியா?"

"சொல்லத்தானே ஒங்க லயத்து வீட்டுக்கு வந்தேன். நீங்கதான் நாய அவுத்து விட்டீங்களே!"

பஸ்ஸே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

நாயை அவிழ்த்துவிட்டது உண்மைதான். ஆனால் அது அவளைக் கடிக்கவில்லை. வாலை ஆட்டிக்கொண்டு அவள் காலை நக்கியது.

சரோஜாவை வேண்டுமானால் மன்னித்துவிடலாம். நீங்களாக இருந்தால் அந்த நாய்க்கு அப்புறமும் சோறு போட்டிருப்பீர்களா?