பதினேழு முதல் நாற்பத்தெட்டு வரை

ஈப்போவின் சிலிபின் பகுதியில் ஒரு மளிகைக் கடையின் மாடியில் எங்கள் வாசகர் சங்கம் கூடும். மாதத்தின் கடைசி ஞாயிறு, மாலை நான்கு மணி. முப்பத்தொரு நாற்காலிகள்; அவற்றில் இரண்டுக்குக் கால் ஆடும். கூட்டத்தின் முதல் கால் மணி நேரம் என்னுடையது. அறிவியல் செய்தி சொல்வேன். எண்பதுகளின் தொடக்கத்தில் அது முக்கால்வாசி யோசிக்கும் இயந்திரங்களைப் பற்றித்தான் இருந்தது. செயற்கை நுண்ணறிவு என்று இப்போது சொல்கிறார்கள். அப்போது தமிழில் அதற்கு ஒரு பெயர் இருந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது. நானாக மூன்று பெயர்கள் வைத்து, கடைசியில் யோசிக்கும் இயந்திரம் என்பதையே வைத்துக்கொண்டேன்.

எனக்குச் செய்தி வந்த வழி இது. சுங்கை சிப்புட்டுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் பதினெட்டு ஆண்டுகள் பேரேடு எழுதும் ஆபீஸ் கிராணியாக இருந்தேன். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது ஈப்போவுக்கு வந்து ஒரு லோரி கம்பெனியில் கணக்கெழுதச் சேர்ந்தேன். பக்கத்துத் தோட்டம் மட்டும் விற்கப்படாமல் இருந்தது. அதன் துரைக்கு வெளிநாட்டு அறிவியல் மாத இதழ் ஒன்று விமானத் தபாலில் வரும். அவர் படித்து முடித்ததும் சமையல்கட்டுக்குப் போய்விடும். பங்களா சமையல்காரர் எனக்குப் பழக்கம். மாதத்தின் முதல் ஞாயிறு பஸ் ஏறிப் போய் வாங்கி வருவேன். ஈப்போ நூலகத்துக்கு அதே இதழ் கப்பலில் வர எழுபது நாளுக்குமேல் ஆகும். அந்த எழுபது நாளும் நான் ஊரைவிட முன்னால் இருந்தேன். அதை நினைத்துக்கொண்டே தூங்கப் போன நாட்கள் உண்டு.

பிறகு அந்த ஆள் சங்கத்தில் சேர்ந்தார். தொலைபேசித் துறையில் டெக்னீசியன், என்னைவிட ஆறு வயது இளையவர், குனோங் ராபாட்டில் வீடு. ஞாயிறு காலை தேவாலயத்துக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு அப்படியே சங்கத்துக்கு வருவார்.

அவர் வந்த இரண்டாவது மாதம் நான் ஒரு வைத்திய இயந்திரத்தைப் பற்றிச் சொன்னேன். அது நோயாளியைப் பற்றி ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கும், விடைகளை வைத்து என்ன நோய் என்று சொல்லும். நிபுணர்களுக்கு இணையாகச் சொன்னதாம். "இன்னும் கொஞ்ச காலத்தில் ஈப்போ ஆஸ்பத்திரியிலும் டாக்டர் நாற்காலியில் அது உட்கார்ந்திருக்கும்" என்று முடித்தேன். பதினொரு பேர் கைதட்டினார்கள்.

அவர் எழுந்தார். "அண்ணன் சொன்னது சரிதான். ஆனா அதுக்கு மேல ஒண்ணு இருக்கு. அதப் பத்தி எழுதுன ஆளு, அது கேட்ட கேள்விக்கெல்லாம் அவரு வீட்டு மண்ணெண்ணெய் அடுப்ப நெனச்சுப் பதில் சொல்லிருக்காரு. புகையுது, சூடாருக்கு, சத்தம் வருதுன்னு. அது அடுப்புக்கு இருமல் மருந்து எழுதிக் குடுத்திருச்சு. தனக்குத் தெரியலங்கிறது அதுக்குத் தெரியல லா."

முப்பத்தொரு நாற்காலிகளும் சிரித்தன. கால் ஆடும் இரண்டும் கூட. எனக்குக் காது சுட்டது.

"எந்த நாட்டுல நடந்துச்சு?" என்று கேட்டேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "அது... வெளிநாட்டுலதாண்ணே."

"எழுதுனது யாரு?"

"பேரு ஞாபகம் இல்ல."

பொய் என்று முடிவு செய்தேன். இவ்வளவு தெரிந்தவருக்கு நாடு தெரியாமல் இருக்குமா? எங்கிருந்து செய்தி வருகிறது என்பதை மறைக்கிறார். சிங்கப்பூரில் மைத்துனர் இருக்க வேண்டும், அல்லது தொலைபேசியிலேயே எவனிடமாவது கேட்டுக்கொள்கிறார். தொலைபேசித் துறைக்காரருக்கு என்ன செலவு.

அதன் பிறகு எட்டு மாதங்கள் இதே கதை. சதுரங்கம் ஆடும் இயந்திரம் எப்படி நகர்த்தும் என்று நான் சொல்வேன். அது எங்கே ஏமாந்தது என்று அவர் சொல்வார். இயந்திர மனிதனின் கை முட்டையை எடுத்தது என்பேன். முட்டைக்குப் பதில் உருளைக்கிழங்கை வைத்ததும் என்ன ஆனது என்பார். நான் பேசும்போதே சிலர் அவர் பக்கம் திரும்ப ஆரம்பித்தார்கள். ஒரு மாதம் நான்கு பேர், அடுத்த மாதம் ஏழு பேர். செயலாளர் என் கால் மணி நேரத்தை எட்டு நிமிடம் எனக்கு, ஏழு அவருக்கு என்று பிரித்தார். ஆண்டு விழாவில் ஒரு மணி நேரச் சொற்பொழிவு வைப்பதாகவும், எங்களில் ஒருவருக்குத்தான் என்றும் சொன்னார். அந்த மேடைக்காக நான் ஒன்பது ஆண்டுகள் கால் மணி கால் மணியாகப் பேசியிருந்தேன்.

கொஞ்ச மாதங்களாக என் இதழ் பல பக்கங்கள் இல்லாமலே வந்தது. அடுப்பு மூட்டவோ மீன் சுற்றவோ போயிருக்கும் என்று நினைத்து நான் கேட்டதே இல்லை. ஓசியில் வாங்குபவன் என்ன கேட்பது. ஆண்டு விழா அறிவிப்பு வந்த வாரம்தான் அந்த ஒன்பது மாத இதழ்களை எல்லாம் தரையில் பரப்பி எண்ணினேன். ஒவ்வொன்றிலும் ஒன்றிலிருந்து பதினாறு வரை இருந்தது. நாற்பத்தொன்பதிலிருந்து அறுபத்து நான்கு வரை இருந்தது. ஒன்பது இதழ்களிலும் பதினேழு முதல் நாற்பத்தெட்டு வரை இல்லை. அடுப்பு பக்க எண் பார்த்து எரிக்காது.

ஞாயிறு வரை காத்திருக்கவில்லை. அரைநாள் லீவு போட்டு பங்களாவின் பின்வாசலுக்குப் போனேன். சமையல்காரர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"நடுப்பக்கம் எங்கண்ணே?"

"அது அவரு கூறு."

"யாரு கூறு?"

"எங்க மாதா கோயில்ல பாட்டுப் பாடுவாரே, டெலிபோன்காரரு. அவரும் கேட்டாரு. ஒருத்தருக்குக் குடுத்து ஒருத்தருக்கு இல்லன்னா நல்லாவா இருக்கும்? குத்துன பின்னக் கழட்டி பாதிப் பாதியா எடுத்து வச்சிருவேன். மேக்கூறு உங்களுக்கு, உள்கூறு அவருக்கு."

தீபாவளிக்குத் தோட்டத்து லய வீட்டு ஆட்கள் சேர்ந்து ஆடு வாங்கினால் கூறு போடுவது அவர்தான். வாழை இலையில் எலும்பு, ஈரல், கொழுப்பு எல்லாம் சமமாக வரும். ஒரு வீட்டுக்காரரும் குறை சொன்னது கிடையாது. அதே நியாயத்தைப் புத்தகத்துக்கும் செய்திருக்கிறார். ஆடு என்றால் ஒரு கூறில் எல்லா உறுப்பும் கொஞ்சம் இருக்கும். இங்கே தலை ஒரு வீட்டுக்கு, வயிறு ஒரு வீட்டுக்கு.

"இந்த ஒரு மாசம் மட்டும் முழுசா எனக்குக் குடுங்க."

"அவரும் போன வாரம் வந்து இதையேதான் கேட்டாரு. மாட்டேன்னுட்டேன். கூறு போட்டா போட்டதுதான்." வெங்காயத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ரெண்டு பேரும் ஒரே ஊருல இருக்கீங்க. பஸ் ஏறி இவ்ளோ தூரம் வாரீங்க. அவரு வீட்டுக்குப் போவ மாட்டீங்களா?"

அந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த ஒரே மகிழ்ச்சி, அவரும் கேட்டிருக்கிறார் என்பதுதான். என்னிடம் இருப்பதை நினைத்து இன்னொரு ஆள் புழுங்கியிருக்கிறார். பஸ்ஸில் அதை நான்கைந்து முறை நினைத்துப் பார்த்தேன்.

சனிக்கிழமை குனோங் ராபாட்டுக்குப் போனேன். வரிசை வீடுகளுக்குப் பின்னால் சுண்ணாம்புக் குன்று நேராக எழுந்து நிற்கும். கதவைத் திறந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையிலிருந்த அந்த மாத இதழைப் பார்த்தார்.

"உள்ள வாங்கண்ணே" என்றார். மேசையில் அவருடைய கூறு தயாராக இருந்தது. அதில் ஒரு தாள் செருகி, விடுபட்ட பக்கங்களின் எண்களை எழுதி வைத்திருந்தார். அவரும் எண்ணியிருக்கிறார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

அவர் தாள்களை என் தாள்களுக்கு நடுவே வைத்தோம். பின் குத்தின ஓட்டைகள் ஒன்றோடொன்று சேர்ந்தன.

"இடைவேளைக்கு அப்புறம் சினிமாவுக்குப் போன மாதிரிதாண்ணே எனக்கு" என்றார். "யாரு, எந்த ஊருன்னு ஒண்ணும் தெரியாது. நீங்க கேட்டீங்களே எந்த நாடுன்னு, அன்னிக்கு ராத்திரி சாப்பாடு எறங்கல. ஒங்களுக்கு எல்லாப் பேரும் தெரியுது, என்கிட்ட மறைக்கிறீங்கன்னு நெனச்சேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன் தம்பி" என்று சொல்லியிருக்க வேண்டும். "டீ கொஞ்சம் இனிப்பு அதிகம்" என்றேன்.

அன்று அறுபத்து நான்கு பக்கங்களையும் படித்தோம். அவர் வேகமாகப் படிப்பவர். ஒவ்வொரு பக்கத்திலும் முடித்துவிட்டு, திருப்பாமல், விரலை மூலையில் வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். முப்பது பக்கம் வரை அவர் காத்திருந்ததை எண்ணினேன். பிறகு படிக்காமலே "ம்" என்று சொல்லத் தொடங்கினேன்.

ஆண்டு விழாவில் ஆளுக்கு அரை மணி நேரம் பேசுவது என்று செயலாளரிடம் நாங்களே சொன்னோம். மூத்தவன் என்பதால் முதலில் நான். நாடு, ஆய்வுக்கூடம், ஆட்கள், இயந்திரம் எப்படி வேலை செய்யும், எல்லாம் பிசகில்லாமல் சொன்னேன். சபையில் ஒருவர்கூட அசையவில்லை. "மீதியைத் தம்பி சொல்வார்" என்று உட்கார்ந்தேன். அவர் சொல்லி முடித்ததும் கைதட்டல் வந்தது. என் கைக்கடிகாரத்தில் இருபத்திரண்டு விநாடி. முடிவைச் சொல்பவருக்குத்தான் கைதட்டல் என்பது ஒன்பது ஆண்டுகள் தனியாகப் பேசியபோது எனக்குத் தெரியாமல் போயிற்று. அப்போது முடிவும் என்னுடையதாகவே இருந்தது.

அடுத்த ஞாயிறு பங்களாவுக்குப் போய், இனி எனக்கு உள்கூறு வேண்டும் என்றேன். மறுப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"சரி" என்றார் சமையல்காரர். "அவரும் மேக்கூறு வேணும்னு கேட்டுட்டுப் போனாரு. ரெண்டு பேருக்கும் சரின்னா எனக்கென்ன."

முப்பத்திரண்டு பக்கங்களை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பதினேழாம் பக்கம் ஒரு வாக்கியத்தின் நடுவில் தொடங்கியது. ஏதோ ஒன்று பேசக் கற்றுக்கொண்டிருந்தது. எது என்று தெரியவில்லை. நான் முதலில் பேசிய அந்த அரை மணி நேரத்தில் அவர் எதைப் பார்த்து மேல்கூறு கேட்டார்? சபை அசையாமல் இருந்ததையா? கைதட்டலைவிட அது பெரிதா? ஈப்போ பஸ் நிலையம் வரும்வரை யோசித்தேன். இறங்கியதும் வீட்டுக்குப் போகும் சிலிபின் பஸ்ஸை விட்டுவிட்டு, குனோங் ராபாட் பஸ்ஸில் ஏறினேன்.