வெறுமையாக விட்ட கட்டம்

"...குரல் அவரின்ர குரல்தான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா தம்பி, உந்தப் பெட்டி என்னை ஒருநாளும் கூப்பிடேல்லை," என்றார் அக்கா. மேடையில், மைக்குக்கு முன்னால், ஒரு மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால் சொன்னார்.

அதை ஆங்கிலத்தில் சொல்லவேண்டியவன் நான். அதற்காகத்தான் அவருக்கும் அவருடைய புருசன் மாஸ்டரின் சக்கர நாற்காலிக்கும் நடுவில் என்னை இருத்தியிருந்தார்கள். வழி முழுக்கக் கதைத்துக்கொண்டே வான் ஓட்டுகிறவன் என்று பெயரெடுத்த நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் எனக்குக் கார் ஓட்டப் பழக்கியவர் மாஸ்டர். எனக்கு மட்டுமா? வெக்ஸ்போர்ட்டிலிருந்து பிக்கரிங் வரை இன்றைக்கு ஸ்ரியரிங் பிடிக்கும் எங்கள் ஆட்களில் எத்தனையோ பேர் அவரிடம் ஏச்சு வாங்கியவர்கள். "கண்ணாடியைப் பாரும். உம்மட முகத்தை இல்லை, பின்னால வாறவனை!" என்பார். "பிரேக் என்ன கோயிலே, கஷ்டம் வந்தா மட்டும் தேடுறதுக்கு?" என்பார். நான் இரண்டாம் தரமும் ரெஸ்ற்றில் தவறிவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டபோது, தோளில் ஒரு தட்டுத் தட்டி, "அழாதையும். ரோட்டு எங்கையும் போகாது" என்றார்.

பாடத்துக்கு அவருடைய அடுக்குமாடிக்குத்தான் போவேன். கதவைத் தட்ட முன்னமே உள்ளேயிருந்து அவர் குரல் கேட்கும்: "இஞ்சாஆருமப்பா, நான் வெளிக்கிடுறன்!" அக்காவை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதை நான் கேட்டதில்லை. 'இங்கே பாருமப்பா' என்று பெண்சாதியைக் கூப்பிடும் அந்த ஒரு சொல்தான், அதுவும் நடுவில் ஓர் இழுவையோடு. கதவைத் திறந்து என்னைக் கண்டதும் அதுவும் நின்றுவிடும். "அவ உள்ளுக்கை நிக்கிறா" என்பார், ஏதோ பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்வது போல. எங்கள் ஊர் ஆம்பிளைகள் அப்படித்தான். பெண்சாதியைக் கூப்பிடும் குரல் வீட்டுக்குள்ளே இருக்கவேண்டியது.

நான் படித்தது பத்தாம் வகுப்பு. மிச்சமெல்லாம் சனத்தின் வாயிலிருந்து பொறுக்கியது. சக்கர நாற்காலிக்காரரை ஏற்றி இறக்கும் வானில் பதினைந்து வருடமாக ஓடுகிறேன். ஏறுகிறவர்கள் சொல்வதில் நல்லதாக ஒன்று விழுந்தால் பயணத் தாளின் பின்பக்கத்தில் குறித்துக்கொள்வேன். ரூஜிலிருந்து ஆசுபத்திரிக்கு வரும் ஓர் அன்ரி ஒருமுறை சொன்னார்: "எனக்கு சிற்றிசன் தந்திட்டாங்கள் தம்பி. ஆனா வாசலில படி வைச்ச கட்டிடமெல்லாம் எனக்கு இன்னும் வெளிநாடுதான்." மாற்றுத்திறனாளிகளுக்காக எங்கள் ஆட்கள் நடத்தும் சின்னச் சங்கமொன்றின் கூட்டத்தில் அதை எடுத்துவிட்டேன். கை தட்டினார்கள். அடுத்த கூட்டத்தில் நான் செயற்குழுவில் இருந்தேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது என் விஷயத்தில் சரி.

பிறகு ஒருநாள் என் பயணத் தாளில் மாஸ்டரின் முகவரி வந்தது. தசைகளை அசைக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும் நோய். முதலில் கால், பிறகு கை. பின்னால் பட்டி போட்டுக் கட்டிய நாற்காலியில் இருந்துகொண்டு, "நான் பழக்கினவனிட்டையே உயிரைக் குடுக்க வேண்டி வந்திட்டுது. கண்ணாடியைப் பாரும்!" என்று கத்துவார். அக்கா பக்கத்து இருக்கையில் இருந்து சிரிப்பார். அந்தக் கத்தல் வாரத்துக்கு வாரம் தடித்துக்கொண்டு வந்தது. நாக்கில் ஏதோ ஒட்டிக்கொண்டது போல.

குரல் முற்றாகப் போக முன்னம் அதைச் சேமித்து வைக்கலாம் என்று ஆசுபத்திரியில் சொன்னார்கள். ஆங்கிலம் என்றால் கொஞ்ச வசனங்களை வாசித்துக் கொடுத்தால் போதும், கொம்பியூட்டர் அதே குரலில் எதையும் பேசுமாம். அவர்களிடம் இருந்த அந்த மெசினுக்குத் தமிழ் தெரியாது. அப்போதுதான் சங்கம் ஒரு வழி கண்டது. ஒரு ரப்லெற்றின் திரையில் கட்டம் கட்டமாக இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் மாஸ்டர் பேசிய ஒரு வசனத்தைப் பதிந்து வைக்கலாம். கை கால் வழங்காவிட்டாலும், கண்ணால் ஒரு கட்டத்தை உற்றுப் பார்த்தால் அந்த வசனம் அவர் குரலிலேயே ஒலிக்கும்.

என்னென்ன வசனம் என்று தீர்மானிக்கக் கூட்டம் போட்டோம். ரோல்ஸும் தேத்தண்ணீரும் வைத்துக்கொண்டு இரண்டு மணித்தியாலம் இழுபட்டது.

"ஆக்கள் பாக்க வந்தா வணக்கம் சொல்லவேணும்."

"டொக்டரிட்ட எங்க நோகுது எண்டு சொல்லவேணும்."

"கோயில் அர்ச்சனைக்கு நட்சத்திரம் சொல்ல வேண்டாமே?"

"அவர் ஏசுற ஏச்சுக்கும் ரெண்டு கட்டம் விடுவம்" என்றேன் நான், பகிடியாக.

செயலாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "தம்பி, இது வாற மாற்றுத்திறனாளிகள் மாநாட்டில வெள்ளைக்காரருக்குப் போட்டுக் காட்டவேண்டிய சாமான். வடிவாயிருக்கவேணும்."

எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. எனக்கும் பட்டது. எங்கள் வீடுகளில் கண்ணாடி அலுமாரிக்குள் நல்ல கோப்பைகள் அடுக்கியிருக்கும். வீட்டுக்காரர் ஒருநாளும் அவற்றில் தேத்தண்ணீர் குடிப்பதில்லை. அப்படித்தான் மாஸ்டரின் குரலையும் வருகிறவர்களுக்காக அடுக்கினோம். உங்களுக்கு என்ன கேட்கவேணும் என்று அக்காவிடம் கேட்கிற எண்ணம் அந்த மேசையில் ஒருவருக்கும் வரவில்லை.

நூலகத்தில் ஒரு சின்ன அறையை எடுத்து, மூன்று பின்னேரங்கள் பதிந்தோம். கருவி என் கையில். அக்காவைப் பார்த்து, "நீர் வெளியில இரும். நீர் முன்னால நிண்டா எனக்குச் சிரிப்பு வரும்" என்றார் மாஸ்டர். அக்கா வெளியே கதிரையில் அவருடைய ஜக்கெற்றை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். கதவின் கண்ணாடி வழியாகத் தெரிந்தார்.

மைக்கைக் கண்டதும் மாஸ்டர் வேறு ஆளாகிவிட்டார். வானொலியில் செய்தி வாசிப்பவர் போல, தடித்த நாக்கோடு ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். 'அனைவருக்கும் வணக்கம்.' 'தயவுசெய்து இங்கே வாருங்கள்.' 'எனக்குத் தண்ணீர் தேவை.' ஒரு வசனத்துக்கு நாலு தரம் முயல வேண்டியிருந்தது. வேர்த்து வழிந்தது அந்த மனுசனுக்கு. "நல்லாயிருக்கு மாஸ்டர், நல்லாயிருக்கு" என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் பட்டியல் முடிந்தபோது, கடைசி வரிசையில் ஒரு கட்டம் மிஞ்சியது.

"ஒண்டு மிச்சம் மாஸ்டர். வேற ஏதும் சொல்லவேணுமோ?"

அவர் கதவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வாயைத் திறந்து மூடினார். பொம்பிளை பார்க்க வந்த பெடியன் போல ஒரு சிரிப்பு முகத்தில் வந்து போனது.

"காணும் தம்பி. பிறகு பாப்பம்."

களைத்துவிட்டார் என்று நினைத்தேன். கருவியை மூடினேன். அறையை அடுத்த ஆட்களுக்கு விடவேண்டும் என்ற அவசரம் வேறு எனக்கு.

பனி கரைய முன்னம் நெஞ்சில் சளி கட்டி ஆசுபத்திரியில் கிடந்தார். திரும்பி வந்தபோது குரல் இல்லை. பிறகு பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

ரப்லெற்றை அவர் நாற்காலியில் பூட்டிக் கொடுத்த நாள், குசினியில் நின்ற அக்காவுக்கு வரவேற்பறையிலிருந்து மாஸ்டரின் குரல் கேட்டது: "தயவுசெய்து இங்கே வாருங்கள்." அக்கா கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். "என்ன, வீட்டில மந்திரி ஆரும் நிக்கினமோ?" என்று விழுந்து விழுந்து சிரித்தார். மாஸ்டரின் கண்ணும் சிரித்தது. அதற்குப் பிறகு போன போதெல்லாம் அந்த வசனத்துக்கு அக்கா வருவார். சிரிப்பு மட்டும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைவாக இருந்தது.

ஒருநாள் அக்கா போன் எடுத்தார். "தம்பி, உந்த மெசினில ஏதோ பிழை. அவர் ஒண்டும் எழுதாத கட்டத்தையே பாத்துக்கொண்டிருக்கிறார். அது கம்மெண்டு கிடக்குது. வந்து ஒருக்காப் பாருமன்."

போனேன். கருவி கண்ணைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டினேன். திரையில் ஒரு புள்ளி ஓடும். அதைக் கண்ணால் தொடர்ந்தால் கருவி திருந்தும். மாஸ்டர் சொன்னபடி தொடர்ந்தார், எனக்கு ஓட்டப் பழக்கியவர் நான் பழக்கப் பழகினார். நடுவில் அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. "கன நேரம் திரையைப் பாத்தா அப்பிடித்தான் அக்கா" என்றேன். ஒரு கிழமைக்குள் அக்கா திரும்பவும் போன் எடுத்தார். இந்த முறை பெரிய வல்லுநன் போல, "அந்த வெறும் கட்டத்தையே எடுத்துவிடுறன், பிரச்சினை முடிஞ்சுது" என்றேன். மாஸ்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். திறக்கவேயில்லை.

"விடும் தம்பி. இருக்கட்டும்" என்றார் அக்கா.

மாநாடு ஏரிக்கரைப் பக்கம் ஒரு பெரிய ஹோட்டலில் நடந்தது. மாஸ்டரை என் வானில்தான் கூட்டிப் போனேன். உள்ளே வரிசை வரிசையாகக் கருவிகள். நடுங்கும் கைக்கு நடுங்காத கரண்டி, பார்வையில்லாதவருக்குத் தபாலை வாசித்துச் சொல்லும் கண்ணாடி. அக்கா ஒவ்வொன்றையும் நின்று பார்த்தார். "எவ்வளவு யோசிச்சிருக்கிறாங்கள் என்ன?" என்றார். மேடைக்கு நாற்காலி ஏறச் சரிவுப் பாதை இருந்தது. பேசுவதைச் சைகையில் சொல்ல ஒரு பெண் ஓரத்தில் நின்றாள். ஒரு குறையும் சொல்ல முடியாது.

எங்கள் சங்கத்துக்குக் கால் மணித்தியாலம் தந்திருந்தார்கள். மாஸ்டர் முதல் கட்டத்தைப் பார்த்தார். "அனைவருக்கும் வணக்கம்" என்று அந்தக் குரல் மண்டபம் முழுக்க எழும்பியது. கை தட்டினார்கள், காது கேளாதவர்கள் இரண்டு கைகளையும் உயர்த்தி விரல்களை ஆட்டினார்கள். செயலாளர் எழும்பி நின்று தலை குனிந்தார். எனக்கும் நெஞ்சு நிமிர்ந்ததுதான், பொய் சொல்லக்கூடாது.

கேள்வி நேரத்தில் முன்வரிசையில் காலடியில் நாயோடு இருந்த பார்வையில்லாத ஓர் அம்மா மைக்கை வாங்கினார். அவருடைய கேள்வி அக்காவுக்கு. வீட்டில் இவர் உங்களை எப்படிக் கூப்பிடுவார், அதையும் இந்தக் குரலில் ஒருக்கால் கேட்கலாமா? நான் அதைத் தமிழில் அக்காவுக்குச் சொன்னேன். அக்கா மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். அதன் பிறகுதான் அவர் சொன்னது, குரல் அவரின்ர குரல்தான் என்று. உந்தப் பெட்டி என்னை ஒருநாளும் கூப்பிடேல்லை என்று.

மொழிபெயர்க்கத் திரும்பியபோது மாஸ்டரின் திரை என் கண்ணில் பட்டது. அவர் கண் எங்கே நிற்கிறது என்று காட்டும் சின்ன வட்டம் கடைசி வரிசையில், அந்த வெறும் கட்டத்தில் நின்றது. ஆடாமல் அசையாமல் நின்றது.

மெசினில் ஒரு பிழையும் இருக்கவில்லை. அத்தனை நாளும் அந்த மனுசன் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். நூலகத்தில் அந்தக் கடைசிப் பின்னேரம் நான் ஒரு ஐந்து நிமிடம் எழும்பி வெளியே போயிருந்தால் போதும். அமத்த வேண்டிய இடத்தை அக்காவுக்குக் காட்டிவிட்டு, கதவைச் சாத்திவிட்டுப் போயிருந்தால் போதும். வேறு ஓர் ஆம்பிளை முன்னால் இருக்க அந்தச் சொல் அவர் வாயில் வராது என்று தெரிந்திருக்க வேண்டியவன் நான். கதவுக்கு வெளியே நின்று அதை எத்தனை காலை கேட்டவன்!

மண்டபம் என் ஆங்கிலத்துக்காகக் காத்திருந்தது. சைகை காட்டும் பெண் கைகளை அரையில் நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

அக்காவும் அந்த வட்டத்தைக் கண்டுவிட்டார். என் முழங்கையைத் தொட்டார். "தம்பி, உதில எப்பிடிப் பதியிறது?"

"கட்டத்தில இருக்கிற சிவப்புப் புள்ளியை அமத்திப் பிடிச்சுக்கொண்டு சொல்லவேணும் அக்கா." அந்த இடத்தைக் காட்டினேன். "ஆனா அவரின்ர குரல் இனி..."

"அது எனக்குத் தெரியுமெல்லே."

அக்கா எழும்பி, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். மாஸ்டரின் நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்து, வெறும் கட்டத்தின் சிவப்புப் புள்ளியில் விரலை வைத்து அழுத்தினார். திரையைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு அத்தனை பேருக்கும் முன்னால், தன் சொந்தக் குரலில், அவர் இழுக்கும் அதே இழுவையோடு, தன்னைத் தானே கூப்பிட்டார்.

"இஞ்சாஆருமப்பா."